பொன்னையா அண்ணாச்சியைத் தேடிப் போன சைக்கிள்கள்

நான் எழுதி, முன்பின் தெரியாதவர்கள் படித்துப் பாராட்டியது வாழ்க்கையில் ஒரே ஒரு கட்டுரைதான். அதில் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் நீளத்துக்குப் பொய் இருந்தது.

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்குக் காகிதம் எழுதும் வேலை. முப்பத்தெட்டு வயதில், மேஜை இழுப்பறையைத் திறக்க விடாமல் தொப்பை தடுக்க ஆரம்பித்த பிறகு, ஒரு கிராவல் சைக்கிள் வாங்கினேன். கைப்பிடி ஆட்டுக்கடாக் கொம்பு போல வளைந்திருக்கும். டயர் தடிமனாக இருக்கும். தார்ச்சாலையை விட்டு இறங்கி மண், சரளை, வாய்க்கால் வரப்பு என்று போவதற்காகவே செய்த வண்டி. நான் அதைத் தார்ச்சாலையை விட்டு இறக்கியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உடம்போடு ஒட்டிய அந்த உடுப்பை மாட்டிக்கொண்டு (என் மனைவி ஜெனிட்டா, "இதுக்கு மேல ஒரு லுங்கியாவது கெட்டிட்டுப் போங்க" என்பாள்) ஊர் ஓரத்திலேயே இருக்கும் திரேஸ்புரம் வரை போவேன். படகுகளைப் பார்த்தபடி ஒரு டீ, ஒரு வடை. திரும்பி வந்து படுத்துவிடுவேன்.

இதோடு நின்றிருந்தால் யாருக்கும் சேதமில்லை. சைக்கிள்காரர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒருவர் இமயமலையிலிருந்து படம் போடுகிறார். இன்னொருவர் காட்டெருமைக்கு வழிவிட்டு நின்றதை எழுதுகிறார். நான் வடையைப் பற்றியா எழுத முடியும்? ஒரு நாள் கப்பல் வரத் தாமதமாகிவிட, ஆபீஸ் கம்ப்யூட்டரில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக் கரை. அதிலிருந்து தெற்கே நாசரேத். அப்புறம் தேரிக்காடு, சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கிற இடம். கடைசியில் மணப்பாட்டில் கடலுக்கு மேலே நிற்கும் குன்று. தேரியின் நடுவே ஒரு வெள்ளைக்கோடு ஓடியது. அதுதான் பாதை என்று முடிவு செய்தேன். சாயங்காலத்துக்குள் பயணத்தை எழுதி முடித்துவிட்டேன்.

படித்துப் பார்த்தால் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. ஒரு மனிதர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. தேரி முடியும் இடத்தில் ஒற்றைப் பனையின் அடியில் நுங்கு வெட்டும் பொன்னையா அண்ணாச்சியை உட்கார வைத்தேன். அவருக்கு வெண்மீசை கொடுத்தேன். அவர் மனைவி இருபது வருஷம் முன்பு இறந்துபோனதாகவும், அவர் எனக்கு முதல் நுங்கைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை அந்த அம்மாவின் பெயரைச் சொல்லித் தனியே எடுத்து வைப்பதாகவும் எழுதினேன். குழுவே உருகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து கோயம்புத்தூரிலிருந்து போன். அதே குழுவில் இருக்கும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வசந்தாமணி அம்மா. அவரும் கணவர் பழனிசாமியும் அறுபதைத் தாண்டியவர்கள், ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவர்கள்.

"ஏனுங் தம்பி, வர்ற ஞாயித்துக்கெழமை வர்றோமுங்க. நீங்கதான் வழி காட்டோணும். எங்களுக்கு அந்தப் பொன்னையா அண்ணாச்சிய ஒருக்காப் பாக்கோணும்."

மறுத்திருக்கலாம். "தாராளமா வாங்க" என்றது என் வாய்.

ஜெனிட்டா கேட்டாள்: "அந்த ஆள எங்கன இருந்து கொண்டாருவீய?"

"ஆனி மாசம்லா. தேரியில எவனாவது நுங்கு வெட்டிக்கிட்டு இருப்பான். காதுல ரெண்டு வார்த்த சொல்லிருவேன்."

அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை ஸ்ரீவைகுண்டத்தில் கிளம்பினோம். பழனிசாமி அதிகம் பேசாதவர். என் கட்டுரையை அச்செடுத்து, லேமினேட் செய்து, கைப்பிடியில் கட்டியிருந்தார். அங்கங்கே நின்று, கோர்ட்டில் வாசிப்பது போல அதை வாசிப்பார்.

"‘ஆற்றங்கரைப் பாதையின் இடப்புறம் வாழைத்தோட்டங்கள் தலையசைக்கும்.’" நிமிர்ந்து பார்த்தார். "இருக்குதுங்க."

வாழைத்தோட்டம் நிஜமாகவே இருந்தது. மூன்று பேரில் அதிகம் ஆச்சரியப்பட்டவன் நான்தான்.

நாசரேத் வரை தப்பித்தேன். அதற்குள்ளேயே அந்த அம்மா என்னை மூன்று முறை முந்திப் போய், மூன்று முறை மரத்தடியில் காத்திருந்தார். "தம்பி நமக்காக மெதுவா வருது" என்று கணவரிடம் சொன்னார். நான் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

தேரிக்குள் நுழைந்து கால் மணி நேரத்தில் வெள்ளைக்கோடு என்பது ஆட்டுத்தடம் என்று தெரிந்தது. ஆனிக் காற்று அதையும் மூடியிருந்தது. முன்சக்கரம் மணலில் பாதி புதைந்து நின்றுவிட, நான் மட்டும் தொடர்ந்து போய்க் கைப்பிடியைத் தாண்டி விழுந்தேன்.

பழனிசாமி வாசித்தார்: "‘செம்மண் பாதை பட்டுப்போல விரியும்.’"

"காத்துல கொஞ்சம் மாறிப்போச்சு" என்றேன், வாயிலிருந்த அந்தப் பட்டைத் துப்பிவிட்டு.

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். உடைமுள் குத்தி அந்த அம்மாவின் இரண்டு டயரும் போயின. ஒரே கொல்லாமரத்தை மூன்று முறை பார்த்தோம். மூன்றாவது முறை, இங்கே இந்த மரம் நிறைய உண்டு என்று விளக்கினேன். வெயில் ஏறியது. தண்ணீர் புட்டிகள் காலி. அந்த அம்மாவின் முகம் மண்ணைவிடச் சிவந்துவிட்டது. அப்போதுதான் முதல் முறையாக எனக்குப் பயம் வந்தது. அறுபது வயதுக்காரர்களுக்கு இங்கே மயக்கம் வந்தால் எந்தத் திசையில் தூக்கிக்கொண்டு ஓடுவது? எனக்குத் தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி மேட்டில் ஏறியபோது கீழே பனைகள் தெரிந்தன. ஒரு பனையடியில், கையில் அரிவாளுடன் ஒருவர் குத்தவைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு நுங்குக் குலை. நான் முந்தி ஓடி விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். மணல் விடவில்லை. வசந்தாமணி அம்மா முதலில் போய்ச் சேர்ந்து கைகூப்பினார்.

"பொன்னையா அண்ணாச்சிங்களா?"

"இல்ல. ஆபிரகாம்."

மூச்சிரைக்க வந்து அவர் தோளில் கையைப் போட்டேன். "எங்களுக்கு அண்ணாச்சி பொன்னையாதான். என்ன அண்ணாச்சி, ஆளத் தெரியலியா? ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வருவேம்லா?" சொல்லிக்கொண்டே கண்ணடித்தேன்.

அவர் என் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழமயா?"

பழனிசாமி உதவிக்கு வந்தார். "எழுதியே இருக்குதுங்க. ‘ஞாயிறுதோறும் அந்தப் பனையடியில் வயிறு முட்ட நுங்கு தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன்.’"

ஆபிரகாம் எழுந்து நின்றார். "மூணு வாரமா நாங்க கோயிலுக்குப் போற நேரம் பாத்து எம் பனையில குலை காணாமப் போவுது. இன்னைக்குக் கோயிலுக்கும் போவாம விடியக்காலத்துல இருந்து காத்துக் கெடக்கேன். நீயா வந்து நாந்தான்னு சொல்லுதியே."

"அண்ணாச்சி, என்னப் பாருங்க. நான் பனை ஏறுத ஆளா?"

அவர் என் தொப்பையை நிதானமாகப் பார்த்தார். "ஆள் வச்சி ஏத்திருப்ப."

அவர் போனை எடுத்து ஊருக்குள் யாரையோ வரச் சொன்னார். போலீஸ் என்ற வார்த்தையும் காதில் விழுந்தது. எனக்கு இரண்டே வழி இருந்தது: திருடன் அல்லது புளுகன். மணலில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, நான் இங்கன வந்ததே இல்ல. பொன்னையான்னு ஆளே கிடையாது. எல்லாம் ஆபீஸ்ல உக்காந்து எழுதுனது."

பழனிசாமி லேமினேட் அட்டையைத் திருப்பி, காலியாக இருந்த பின்பக்கத்தைப் பார்த்தார்.

"மாட்டிக்கிட்டா எல்லாவனும் இப்படித்தான் சொல்லுவான்" என்றார் ஆபிரகாம். "சாட்சி உண்டுமா?"

"எம் பொஞ்சாதி இருக்கா."

நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஸ்பீக்கரை அழுத்தினார். சட்டியில் மீன் பொரியும் சத்தம் முதலில் வந்தது.

"எம்மா, ஒங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமயானா எங்கன போவாரு?"

"ஏன், என்ன செஞ்சாவ?"

"அதப் பொறவு சொல்லுதேன். உள்ளதச் சொல்லும்மா."

"அந்த உடுப்ப மாட்டிக்கிட்டு திரேஸ்புரம் போவாவ. ஒரு டீ, ஒரு வடை. ஏழரைக்கெல்லாம் வந்து படுத்துருவாவ."

"தேரிப்பக்கம் வந்ததில்லியா?"

"தேரியா?" ஜெனிட்டா சிரித்தாள். "பாலத்துல ஏறும்போதே எறங்கித் தள்ளுத ஆளு அண்ணாச்சி."

"வாஸ்தவம்" என்றேன் நான், பக்கத்திலிருந்து. மனைவி தன்னை மட்டம் தட்டத் தட்ட நன்றியோடு தலையாட்டிய கணவன் அந்தக் கடற்கரைச் சீமையில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். அவள் அதோடு விடவில்லை. போன மாதம் நான் மாடிப்படியில் இளைப்பாறியதையும் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

ஆபிரகாம் போனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. ஊர்க்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்:

"நுங்கு தின்னுதியா?"

முதலில் அந்த இருவருக்கும் வெட்டிக் கொடுத்தார். பிறகுதான் எனக்கு. அரிவாளைத் தூக்கியபோது நான் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தேன்.

அவருடைய லோடு ஆட்டோவில் மூன்று சைக்கிளையும் பனையோலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனோம். முன்னால் பழனிசாமி, தேரிக்குள் சைக்கிள் போகிற பாதை எதுவென்று ஆபிரகாமிடம் கேட்டுக் கேட்டு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பின்னால் நானும் வசந்தாமணி அம்மாவும். பாதி வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங் தம்பி, அவரு சம்சாரம் பேரச் சொல்லி ஒரு நுங்கு எடுத்து வெப்பாருன்னு எழுதியிருந்தீங்களே. அதும் இல்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

"நான் அழுதனுங்க, தம்பி."

போலீஸ் என்று காதில் விழுந்தபோதுகூட எனக்கு அப்படிக் கூசவில்லை. ஆட்டோவின் ஓரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மணப்பாடு வரும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குன்றின் விளிம்பில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே பாறையில் அலை அடித்தது. அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் நீங்க எழுதுன மாதிரியே இருக்குதுங்க" என்றார். (அங்கே திருவிழாவுக்குப் பஸ்ஸில் போயிருக்கிறேன்.)

அன்று இரவே குழுவில் என் கட்டுரையை நீக்கி, உண்மையை எழுதிப் போட்டேன். பழனிசாமியின் சரியான வழித்தடம் இப்போது அங்கே இருக்கிறது. பலர் அதில் போய் வருகிறார்கள். நான் இன்னும் போகவில்லை.

ஆபிரகாம் அண்ணாச்சி ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டுக்கு ஒரு குலை நுங்கு கொடுத்துவிடுவார், ஜெனிட்டாவின் பெயருக்கு. அந்தத் திருடன் மட்டும் இன்னும் அகப்படவில்லை. குலை காணாமல் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். எனக்கு அல்ல, அவளுக்கு. வீட்டில் விருந்தாட்கள் யார் இருந்தாலும் ஜெனிட்டா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள்.

"எம்மா, வீட்டுக்காரரு எங்கன இருக்காரு?"

அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"சோபாவுலதான் கெடக்காவ அண்ணாச்சி. நீங்க வேற ஆளப் பாருங்க."