எழிலரசி சொன்ன நோ

"மைக்கை ஆஃப் பண்ணலியாம்மா நீ?" என்று முதலாளி நிசார் அஹமது கேட்டபோதுதான் எழிலரசிக்குத் தான் சொன்னது ஜெர்மனி வரை கேட்டிருக்கும் என்று உறைத்தது.

ஆம்பூரில் அவருடைய ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பது அவள் வேலை. சற்று முன் வீடியோ காலில் ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்கும் ஹோல்கர், "பழுப்பு ஷூ மொத்தத்தையும் இந்த மாதமே அனுப்பிவிடுவீர்களா?" என்று கேட்டார். அதே நேரம் ஆபீஸ் ஆயா அமிர்தவள்ளி டீயை நீட்டினாள். எழிலரசி அவளிடம் கையை ஆட்டி, "நோ, நோ" என்றாள்.

கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து எந்த வெளிநாட்டுக்காரரிடமும் யாரும் சொல்லாத வார்த்தை அது. தோல் வராவிட்டாலும் யெஸ் சார். கரண்ட் இல்லாவிட்டாலும் யெஸ் சார். சொன்ன தேதி போன பிறகு ஒரு மன்னிப்பு மெயில். அதுதான் அங்கே மரியாதை.

திரையில் ஹோல்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நன்றி. அடுத்த மாதம் அனுப்புங்கள். இரண்டு மடங்காக" என்றார்.

"கோவத்துல பழி வாங்குறான்மா," என்றார் நிசார் அஹமது. "இருக்கிற மெஷினை வச்சுக்கினு எப்படித் தைக்கிறது? பக்குவமா பேசி கம்மி பண்ணு."

எழிலரசி பக்குவமாகத்தான் பேசினாள். ஆளும் இல்லை, மெஷினும் இல்லை, இரண்டு மடங்கு முடியவே முடியாது என்றாள்.

"அருமை!" என்றார் ஹோல்கர். "கிறிஸ்துமஸ் வரை நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான பூட்ஸும் உங்களுக்கே."

நிசார் அஹமது நாற்காலியில் சரிந்தார். "பூட்ஸா? நாம பூட்ஸே தச்சதில்லியே!"

"அதையே சொல்லிடுறேன் சார்."

சொன்னாள். ஹோல்கர் உருகிப்போய், கற்றுக்கொடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். கூடவே பெல்ட்டையும் சேர்த்தார்.

வேறு வழியில்லாமல் வாணியம்பாடியில் ஒரு ஷெட் வாடகைக்குப் பிடிக்கப்பட்டது. குடியாத்தத்திலிருந்து பெண்கள் தையலுக்குச் சேர்ந்தார்கள். எழிலரசியின் அண்ணி மேகலாகூட, பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் கணவன் "இன்னொரு தோசை?" என்றால்கூட நோ சொல்லப் பயந்து, எழிலரசி தின்று தீர்த்தாள்.

இந்த நிலையில் ஹோல்கர் நேரிலேயே வருகிறார் என்று தகவல் வந்தது.

"இன்னும் இன்னா தலையில கட்டப் போறானோ!" என்ற நிசார் அஹமது, கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தார். "நோன்னா ஆர்டரை ஏத்துறான். அப்ப யெஸ்ஸுன்னா எறக்கித்தானே ஆகணும்?"

எழிலரசிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஹோல்கர் வந்தார். ஷெட்டைப் பார்த்தார். எழிலரசிக்கும் நிசார் அஹமதுவுக்கும் எதிரே முகம் மலர உட்கார்ந்தார்.

"ஷூ எல்லாம் நேரத்துக்கு வந்துவிடுமா?"

"யெஸ் சார்."

முகம் லேசாக வாடியது. "பூட்ஸ்?"

"யெஸ் சார்."

"பெல்ட்டுமா?"

"யெஸ் சார்."

"எந்தச் சிக்கலும் இருக்காதா?"

எழிலரசிக்கு 'நோ ப்ராப்ளம்' என்று வாய்வரை வந்துவிட்டது. அதிலும் ஒரு நோ இருந்தது. "யெஸ் சார்," என்றாள்.

ஹோல்கர் கண்ணாடியைக் கழற்றினார். துக்க வீட்டில் கைகொடுப்பதுபோல இருவருக்கும் கைகொடுத்தார். டீகூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார்.

அவர் சென்னை விமான நிலையம் போய்ச் சேருமுன்பே மெயில் வந்தது. பெல்ட் ரத்து. பூட்ஸ் ரத்து. பழுப்பு ஷூவும் ரத்து.

"எறக்கிட்டான்மா," என்றார் நிசார் அஹமது. "மொத்தமா எறக்கிட்டான்."

மேசைமேல் எழிலரசியின் போன் அடித்தது. மேகலா அண்ணி. எடுக்கத் துணிவில்லாமல் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வெள்ளைக்காரனுக்கு யெஸ் சொன்னாலும் ஆகவில்லை, நோ சொன்னாலும் ஆகவில்லை. அப்படி என்னதான் வேண்டும் இவனுக்கு?

அன்று இரவு, ஹோல்கரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த டிரைவர் பாண்டியன் கார் சாவியை மேசையில் வைத்தான்.

"பாவம் மேடம் அந்த சார், வழியெல்லாம் பொலம்பிக்கினே வந்தார்: போற எடத்துல எல்லாரும் யெஸ் யெஸ்ஸுன்னே அவரை ஏமாத்திட்டாங்களாம், முடியாததை முடியாதுன்னு சொல்ற ஒரே ஆளுன்னு உங்களை நம்பித்தான் இம்மாம் ஆர்டரும் கொடுத்தாராம்!"