எல்லாத்தையும் கழட்டுங்க!

பொன்னமராவதியில் பிளக் உள்ள எந்தப் பொருளும் கழட்டண்ணன் கையிலிருந்து தப்பியதில்லை. அவர் கழற்றாத பொருள் ஊரிலேயே ஒன்றே ஒன்றுதான். அது அவர் தலையில் இருந்த ஹெல்மெட்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. போனில் கரகரப்பு, நெட் வரவில்லை என்று சொல்லிவிட்டால் வந்து சரிபார்ப்பவர். வாசலில் மொபெட் நிற்பதற்கு முன்பே, "எல்லாத்தையும் கழட்டுங்க!" என்று குரல் வரும். ஆள் பின்னால்தான் வருவார். மோடத்தையும் மற்ற போன்களையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு போனை மட்டும் மாட்டிக் கேட்டால், கோளாறு வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிடிபட்டுவிடும். இது எல்லோரும் செய்வதுதான். கழட்டண்ணன் அதோடு நிற்க மாட்டார். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, சாமி படத்துக்கு மேலே மினுக்குகிற சீரியல் பல்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சென்னையிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த எதிர் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துக் கழற்றினார். நெட் வந்துவிட்டது. மறுநாள் காலையில் தண்ணீர்தான் வரவில்லை. திருவிழாவுக்கு வந்த உறவுக்கூட்டம் முழுவதும் துண்டும் கையுமாக எங்கள் கிணற்றடியில் நின்றது.

என்னைப் பெற்ற ஆத்தாவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"ஆத்தா, அந்தக் காது மெஷினையும் செத்த கழட்டுங்க."

"அது பேட்டரியிலதானப்பா ஓடுது?"

"எதுல ஓடுனாலும் மெஷினு மெஷினுதான ஆத்தா."

ஆத்தா கழற்றினாள். அப்புறம் "மாட்டிக்கங்க, மாட்டிக்கங்க" என்று அவர் தொண்டை வற்றக் கத்தியும் அவளுக்குக் கேட்கவில்லை.

கழற்றல் முடிந்ததும் கேட்டல் தொடங்கும். ரிசீவரை ஹெல்மெட்டுக்குள் சொருகிக்கொண்டு கண்ணை மூடுவார். கச்சேரி கேட்பவரைப் போலத் தலை லேசாக ஆடும். "வடகம் பொரியிற சத்தந் தம்பி. எங்கிட்டோ ஜாயின்ட்ல ஈரம்" என்பார். வண்டு சத்தம் என்றால் கரண்ட் ஒயர் பக்கத்தில் போகிறதாம். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கழட்டி வச்சா மறந்துட்டுப் போயிருவேன் தம்பி" என்றார். உள்ளே மொட்டைத் தலைதான் என்று தெரு முடிவு கட்டியிருந்தது.

கடைசியாக டெஸ்டிங். எந்த வீட்டுப் போனாக இருந்தாலும் அவர் கூப்பிடுவது தன் வீட்டம்மாவைத்தான். "என்ன கொழம்பு?" என்று மட்டும் கேட்பார். பதில் தெளிவாக வந்தால் லைன் சரி. அவர் வீட்டில் அன்று என்ன சமையல் என்பது மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, என் மனைவி வள்ளியின் வேலைக்கே ஆபத்து வரும் வரையில். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தாள். மீட்டிங் நடுவில் நெட் அறுந்துகொண்டே இருந்தது. மேலதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லிவிட்டார்: அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை புது வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் விளக்கிச் சொல்ல வேண்டும், அன்றைக்கும் அறுந்தால் சென்னைக்கு வந்து உட்காருங்கள், இல்லையென்றால் வேலையை விடுங்கள். ஆத்தாவை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போக முடியாது. வேலையை விட வள்ளிக்கு மனசில்லை. பிடித்துப் பார்த்த வேலை அது.

வள்ளி இதைக் கழட்டண்ணனிடம் சொல்லிக் கண் கலங்கினாள். அவருக்கும் கலங்கிவிட்டது.

"நீ ஒண்ணுக்கும் வெசனப்படாத தங்கச்சி. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல், கூப்பிடாமலே வந்தார். வாசல் சுவரில் தெரு ஒயரும் வீட்டு ஒயரும் சேருகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதைத் திறந்து ஏதோ செய்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விடுவார். என்ன ஒரு பொறுப்பு என்று நாங்கள் உருகிப்போனோம். ஆனால் நெட் மட்டும் முன்னைவிட மோசமானது.

"என்னங்க, ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள் வள்ளி. "வியாழக்கிழமையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அண்ணன் வந்துட்டுப் போனாத்தான் போயிருது."

"சும்மா இரு. அவரு காதுல விழப்போகுது."

அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. விடிந்ததிலிருந்து தூறல். மீட்டிங்குக்கு அரை மணி நேரம் இருக்கும்போது நெட் போனது. கழட்டண்ணன் பறந்து வந்தார். வீட்டையே கழற்றிப் போட்டார், ஆத்தாவின் காது மெஷின் உட்பட. போனில் வடகம் சட்டி சட்டியாகப் பொரிந்தது.

"ஈரம் இருக்கு தம்பி. ஆனா எங்கிட்டுன்னுதான் தெரியல."

"வாசப் பெட்டியப் பாத்தீங்களாண்ணே?"

"அது நான் கை வச்ச எடம். அதுல ஒண்ணும் இருக்காது."

வள்ளி விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை. இழுத்ததும் மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே கொழுத்த எலுமிச்சம்பழம் ஒன்று, இரண்டு பச்சை மிளகாயோடு, செம்புக் கம்பியில் கோத்து, லைன் மாட்டியிருக்கும் திருகிலேயே தொங்கியது. பழத்தின் சாறு வழிந்து ஜாயின்ட் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பழம் இடித்ததில் மூடியின் கீல் உடைந்து, தூறலும் உள்ளே போயிருந்தது.

"இது யாரு வேலைண்ணே?"

கழட்டண்ணன் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதான் தங்கச்சி. கை வச்ச எடத்துக்கெல்லாம் ஒரு பழம் கட்டுவேன். வேற வீட்டுக்குப் பெட்டிக்கு வெளியிலதான். ஒன் வேல போயிரும்னு அழுதியா, மனசு கேக்கல. ஒனக்கு மட்டும் பெரிய பழமாப் பாத்து, உள்ளயே கட்டினேன். வாராவாரம் மாத்தினேன்."

திட்ட வாயெடுத்த வள்ளி, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்குரூடிரைவரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அப்புறம் அவர் கை ஓடிய ஓட்டத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. பழத்தைப் பிய்த்து எறிந்தார், கெட்ட ஒயரை வெட்டினார், புதிதாகச் சீவி முறுக்கினார். உள்ளே ஓடி வந்து டெஸ்டிங் போட்டார்.

"என்ன கொழம்பு?"

"வெண்டைக்காப் புளிக்கொழம்புன்னு காலையிலயே சொன்னேன்ல! ஒரு நாளைக்கு எத்தன தடவதான் கேப்பீங்க?" ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று கேட்டது.

மோடத்தை மாட்டினோம். வள்ளி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். வெளியே தூறல் வலுத்தது. மூடியில்லாத பெட்டி நனைந்தால் கதை முடிந்தது. நான் பிளாஸ்டிக் பை தேடிக்கொண்டிருந்தபோது, அது நடந்தது. கழட்டண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். பெட்டியின்மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். உள்ளே மொட்டை இல்லை. சுருள் சுருளாக, பொறாமைப்படும்படி முடி.

மீட்டிங் பாதியில், காதில் மெஷின் இல்லாத ஆத்தா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "ஏண்டி வள்ளி! மழையில நம்ம செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, யாருடி அந்தப் புது ஆளு?"

லேப்டாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்புகூட நடுவில் அறுபடவில்லை. வள்ளியின் வேலையும்தான்.

இப்போது எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. அதையும் கழட்டண்ணன்தான் இழுத்துக் கொடுத்தார். பழம் இன்னும் தொங்குகிறது, பெட்டியில் அல்ல, வெளி கேட்டில். ஃபைபரில் கரகரப்பே வராது என்பதால் அவருக்கு எங்கள் வீட்டில் வேலையும் இல்லை. அதுதான் குறை. போன வாரம் அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. போன் போட்டேன்.

"அண்ணே, லைன்ல கரகரன்னு வருது."

கரகரப்பு வராது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"வடகமா, வண்டா தம்பி?"

"வடகந்தாண்ணே."

"அப்படியா? எல்லாத்தையும் கழட்டி வைங்க. இந்தா வாரேன்."

வள்ளி காபிக்குப் பால் வைத்தாள். நான் பிரிட்ஜைக் கழற்றப் போனேன். ஆத்தா, யாரும் சொல்லாமலே, காது மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.