நில் குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்

பூனாவில் கண்ணாடியைப் பார்த்துக்கூட "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் 'யார்நீ' சார்தான். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். மனைவி, மக்கள் என்று யாருமில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் நிக்டிப் பகுதி நூலகத்துக்கு நாலு கம்ப்யூட்டர் வந்தது. யார் வேண்டுமானாலும் பிரித்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து, லாகின் ஏற்பாடு முழுவதையும் சாரே செய்தார், சம்பளமில்லாமல். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். நூலகத் தலைவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்தபோது, "நீங்கதான் நீங்கன்னு யாரு சொல்றது?" என்று வெளியே உட்கார வைத்துவிட்டார் மகானுபாவர்.

உறுப்பினர் படிவத்தை மராத்தி அம்மாள் ஒருவர் நிரப்பினார். "ஆட்நாவ்?" என்பார். குடும்பப் பெயராம். நமக்கு ஏது அதெல்லாம்? இனிஷியலோடு சரி. தமிழர்கள் அத்தனை பேரும் ஆங்கிலத்தில் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தோம். கம்ப்யூட்டர் எங்களையெல்லாம் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டது. பதினேழு பேர். ஒரு மணி நேரம்.

போசரியில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லி மெயில் போட வேண்டும். அன்று பார்த்து ஊரெல்லாம் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது நூலகத்தில்தான். ஓடினேன். 'உங்கள் குடும்பத்தின் நேரம் முடிந்தது' என்றது திரை. என் அருமைச் சகோதரர் யாரோ காலையிலேயே கோந்த்வாவில் வாடகை வீடு தேடியே அந்த ஒரு மணி நேரத்தையும் முடித்திருந்தார்.

"சார், உங்க லாகின்ல ஒரே ஒரு மெயில்..."

"என் பாஸ்வேர்டையா? பல் பிரஷைக் கேப்பியா?"

"வேலை போயிடும் சார்!"

"புதுக் குடும்பம் ஆரம்பிக்கணும்னா கமிட்டி கூடணும். வியாழக்கிழமை."

மணி நாலே முக்கால். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது.

சார் கொஞ்ச நேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"இருக்கிற குடும்பத்தில ஆள் சேர்க்க எனக்கு அதிகாரம் இருக்கு. உங்கப்பா கோவிச்சுக்க மாட்டாரே?"

"எதுக்கு சார்?"

குடும்பப் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டினார். உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று தட்டினார். வாழ்நாளில் ஒரு பொய்க் கணக்கு எழுதாத மனிதர்.

"ம், உட்காரு. சீக்கிரம்."

வேலை கிடைத்தது. பிறகு கமிட்டி கூடி, சார் மென்பொருளைத் திருத்தி, நில் குடும்பத்தைப் பாகம் பிரித்தார். என்னிடமும் கேட்டார்: "உனக்குத் தனிக் கணக்கு போட்டுடவா?"

"வேண்டாம் சார். இதுவே இருக்கட்டும்."

"குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்தான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

அதற்கப்புறம் அவர் இருந்தவரைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தனக்கென்று ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.