ஃபார்வேர்டு சார்

ஒரு சாவுகூட விழாமல் முந்நூறு கார்ட்டூன் படம் காட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கொண்டாப்பூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் தரைத்தளத்தில் குடியிருந்தார். முந்நூறு என்பதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். சாவு விழவில்லை என்பதில் துளியும் மிகை இல்லை.

அவருடைய பெயர் லெட்டர் பாக்ஸில் எழுதியிருந்தது. யாரும் படித்ததில்லை. பெரியவர், சின்னவர், வாட்ச்மேன், இஸ்திரிக்காரர் எல்லாருக்கும் அவர் ஃபார்வேர்டு சார்.

பொதுத்துறை ஆலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நட்டு கோணலாக இருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பியவர் என்று அவர் மனைவி கனகா அக்கா பெருமையாகவும் சலிப்பாகவும் சொல்வார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஹைதராபாத்துக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல். அதனால் அவருடைய கோபம் இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருக்கும். தண்ணீர் லாரி தாமதமாக வந்தால் கேட்டில் நின்றுகொண்டு, "கைக்கு லேட்? நக்கோ, ஒன் தண்ணியே நக்கோ, கொண்டு போல" என்று, ஏன் லேட், உன் தண்ணியே வேண்டாம் என்பதை ஹைதராபாத் உருதுவில் தொடங்கித் திருநெல்வேலித் தமிழில் முடிப்பார். லாரி டிரைவருக்குக் கடைசி வார்த்தை புரியாது. ஆனால் அதற்குத்தான் பயப்படுவார்.

அசோசியேஷன் கூட்டங்களுக்காக வாங்கிய புரொஜெக்டர் சும்மா கிடந்தது. கூட்டத்துக்கு யாரும் வராததே காரணம். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்கு கார்ட்டூன் போடுவோம் என்று செயலாளரான அவர்தான் முடிவு செய்தார். முதல் வாரம் ஒரு கரடிக்குட்டி படம். பத்தாவது நிமிஷத்தில் வெள்ளம் வந்து அம்மா கரடி போய்விட்டது. பதினோரு பிள்ளைகள் ஒரே சுதியில் அழுதார்கள். ஓடிவந்த பெற்றோர் பார்த்தபோது, திரைக்குப் பக்கத்தில் நின்று பன்னிரண்டாவதாக அழுதுகொண்டிருந்தவர் சார்.

"பிள்ளேளுக்கு எடுத்த படமாய்யா இது? பச்சப் புள்ளைக்கு எவனாவது வெள்ளத்தக் காட்டுவானா?" என்று புரொஜெக்டரைப் பார்த்துக் கேட்டார்.

அன்று முதல் தரப் பரிசோதனை ஆரம்பித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மறுநாள் படத்தைத் தனியாகப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொள்வார். ஒருமுறை அதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 'பன்னிரண்டாவது நிமிஷம், ஓநாயின் பல், தாண்டு. முப்பத்தொன்று, அப்பா பென்குயின் பனிப்புயலில், தாண்டு. ஐம்பத்தெட்டு, தாத்தா ஆமை, கண்டிப்பாகத் தாண்டு. என்னாலேயே முடியவில்லை.'

இப்படி ஃபார்வேர்டு பட்டனை அழுத்தித் தாண்டித் தாண்டி ஒன்றரை மணி நேரப் படம் முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கண்ணயரலாம் என்று படுத்த பெற்றோருக்கு இது பெரிய அடி. தலையணை சூடாவதற்குள் கதவு தட்டப்படும்.

கதையில் விழும் ஓட்டைகளை அடைப்பதும் அவர் வேலைதான்.

"அங்கிள், அம்மா கரடி எங்க?"

"அவ ஊருக்குப் போயிருக்கா."

"தாத்தா ஆமை?"

"அவரும் ஊருக்குத்தான்."

"வில்லன்?"

"அவனுக்கு டிரான்ஸ்ஃபர். விசாகப்பட்டினம் போட்டுட்டாவ."

நான்காவது மாடி அம்மா ஒருவர் குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் நிறையப் படிப்பவர். இழப்பு என்றால் என்னவென்று குழந்தைகளுக்குத் தெரிய வேண்டாமா என்று கூட்டத்தில் கேட்டார். "தெரியட்டும்மா. அதுக்கு அதுவளுக்கு அம்பது அறுவது வருசம் கெடக்கு. சனிக்கெழம அஞ்சு மணிக்குத்தான் தெரியணுமா?" என்றார் சார்.

பொங்கலுக்கு நாங்கள் கும்பகோணம் கிளம்பினோம். பெட்டியை மூடிக்கொண்டே, "யாழினி, ஷூ போடு, ஊருக்குப் போறோம்" என்றேன். ஏழு வயது மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இழுத்தால் வரவில்லை. "ஊருக்குப் போனா யாருமே திரும்பி வர்றதில்ல. கரடியோட அம்மா வரல. ஆமைத் தாத்தா வரல. ஐ டோன்ட் வான்ட் டு கோ" என்று அழுதாள்.

வேறு வழியில்லாமல் ரயிலில் உண்மையைச் சொன்னேன். அம்மா கரடி செத்துப்போய்விட்டது, ஆமைத் தாத்தாவும்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தாள். வாரங்கல் தாண்டியபோது ஒரு கேள்வி வந்தது.

"அங்கிளுக்கு இது தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"எதுக்கும் நீ சொல்லாதம்மா. பாவம்."

திரும்பி வந்ததும் மற்றப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. சனிக்கிழமைகள் வழக்கம்போல் நடந்தன. அம்மா எங்கே என்று அதே கேள்வியைக் கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கா என்று அதே பதில் வந்தது. பதினோரு பேரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, படம் முடிந்ததும் சார் சாதாரணமாகச் சொன்னார். "அடுத்த வாரம் படம் கெடையாது. நான் ஊருக்குப் போறேன்."

பதினோரு பேரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அவர் அதைக் கவனிக்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே கேப் நின்றது. கனகா அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டார். சாரின் பெரிய பெட்டி மட்டும் ஏறவில்லை. அதன்மேல் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஆறு பேர் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது மாடி ஸ்ரீஜா அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், வெள்ளொத்து, ப்ளீஸ், வெள்ளொத்து" என்று, போகாதீர்கள் என்பதைத் தெலுங்கில் சொல்லிக் கெஞ்சினாள்.

"போவாம எப்படி? தங்கச்சி மவளுக்குக் கல்யாணம்லா" என்றார் சார்.

யாழினி நேராகவே கேட்டுவிட்டாள். "அங்கிள், நீங்க சாகப்போறீங்களா?"

சார் என்னைப் பார்த்தார். நான் கட்டில், ரயில், வாரங்கல் எல்லாவற்றையும் சொன்னேன். லாரிக்காரர்களை நடுங்கவைத்த மனிதர் மெதுவாகப் பெட்டியின் ஓரத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

"அப்ப கரடி செத்ததுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஹவ் அங்கிள்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார்கள் நாலைந்து பேர்.

"எப்பத்துல இருந்து?"

"பொங்கல்ல இருந்து."

"பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்ரீஜாதான் சொன்னாள். அவளுக்கு வரும் தமிழே கொஞ்சம். "நீங்க அழுவீங்க."

அவர் மறுக்கவில்லை. மறுக்கும் நிலையிலும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு மறந்துபோய் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். கேப் டிரைவர் ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டார். "மிச்சத்த ரயில்ல அழுங்க, நேரமாச்சு" என்று உள்ளே இருந்து கனகா அக்காவின் குரல் வந்தது.

ஒரு நிபந்தனையின் பேரில் விட்டார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வர வேண்டும். வந்தார். தாமிரபரணியில் முங்கி எழுந்து ஈரத் தலையோடு வந்தார். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி வந்தார். "நல்லா பாத்துக்கிடுங்க. கை, காலு, மூக்கு, எல்லாம் இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தாலி கட்டிய அன்று மாப்பிள்ளையையும் பொண்ணையும் பின்னால் நிற்கவைத்துத் தன் முகத்தையே பெரிதாகக் காட்டியதில் தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அல்வாவோடு திரும்பிய சனிக்கிழமை, நோட்டைக் கொண்டுவராமலேயே படம் போட்டார். ஒரு கிழட்டு நாயின் கதை. கடைசிக் கட்டம் நெருங்கியபோது, "டேங்க் ரொம்பிட்டான்னு பாத்துட்டு வந்திருதேன்" என்று எழுந்தார். யாழினி ஒரு கையையும் ஸ்ரீஜா மறு கையையும் பிடித்து உட்காரவைத்தார்கள். நாய் கண்ணை மூடியது. பிள்ளைகளில் பாதிப் பேர் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து அழுதோம். பிறகு எல்லாரும் சேர்ந்து அல்வா சாப்பிட்டோம். இரண்டும் நன்றாக இருந்தன.

"அங்கிள், அந்த நாய் பிடிக்கிறவன் என்ன ஆனான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"டிரான்ஸ்ஃபர்தான்" என்றார் சார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதுல மட்டும் மாத்தம் இல்ல."

போன வருஷம் நாங்கள் கச்சிபௌலியில் இருபத்தெட்டாவது மாடிக்கு மாறிவிட்டோம். இங்கே கீழ்த்தளத்தில் குளிர்சாதனம் போட்ட சின்னத் தியேட்டரே இருக்கிறது. சாய்ந்துகொள்ளும் நாற்காலிகள், சுவர் அகலத்துக்குத் திரை. நாங்கள் இன்னும் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. சனிக்கிழமை நாலு மணி ஆனால், கொண்டாப்பூர் போகும் டிராஃபிக்கையும் பார்க்காமல் யாழினி கார்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுகிறாள். நான் அதற்கு முன்பே செருப்பைப் போட்டிருப்பேன்.