காகத்துக்குக் குடை பிடித்த குடும்பம்

வாடகை வீட்டில் இருக்கும்வரை மழை என்பது வீட்டுச் சொந்தக்காரரின் கவலை. கூரை ஒழுகினால் அவருக்குப் போன் அடித்துவிட்டு, வாளியை வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். சொந்த வீடு வாங்கியபின் அந்தப் போனை அடிக்க ஆளில்லை. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன், அது வேறு கதை.)

லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டுச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிர்காலம் பரவாயில்லை. மோசமாக இருப்பேன் என்று சொல்லிவிட்டு மோசமாக இருக்கும். ஆளை ஏமாற்றுவது வசந்தம்தான். காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும். நம்பி உடுப்பைக் காயப்போட்டால், தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் மழை. அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்து திரும்பிப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி வெயில். மகளை நர்சரிக்கு அனுப்பும்போது தடித்த ஜாக்கெட்டா, மெல்லிய ஜாக்கெட்டா என்று குழம்பி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். பிள்ளை இட்லிச் சட்டியிலிருந்து எடுத்தது போலத் திரும்பி வந்தாள்.

முன்பு எனக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. ஏனென்றால் எங்களிடம் அம்மாவின் முழங்கால் இருந்தது.

வலது முழங்கால் நொந்தால் மழை. இரண்டும் நொந்தால் காற்றோடு மழை. வெம்பிளியில் ஒரு கடைக்கு மேலே நாங்கள் இருந்த பிளாட்டில், யார் வெளியே போவதானாலும் வாசலில் நின்று, "அம்மா, குடை வேணுமோ?" என்று கேட்போம். அம்மா காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "கொண்டு போ" என்பார். அதற்குமேல் பேச்சில்லை. பட்டம் பெற்ற நான் போனில் மூன்று வானிலை ஆப் வைத்திருந்தும், கடைசியில் முழங்காலைத்தான் கேட்டேன்.

அம்மாவுக்கு ஒரு ஆசை இருந்தது. வெளியில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட வேண்டும். பிளாட்டில் அவருடைய சேலைகள் கதவுக்குக் கதவு ஈரமாகத் தொங்கும். "வளவு சின்னனெண்டாலும் பரவாயில்லை, கொடி கட்ட இடமிருந்தாக் காணும்" என்பார். இந்த வீட்டுக்கு நாங்கள் விலை பேசிக்கொண்டிருந்த ஏப்ரலில் அம்மா போய்விட்டார். தோட்டத்தைப் போனில் படமாகத்தான் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி, ஓரிடத்தில் விரலை வைத்து, "இதில கட்டலாம்" என்றார்.

அம்மா விரல் வைத்த இடத்தில்தான் என் கணவர் சுதன் கொடியைக் கட்டினார். எங்களோடு புது வீட்டுக்கு வந்த அப்பா அதைச் சமையலறை யன்னலுக்குள்ளால் பார்த்தார். தோட்டத்துக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. "செருப்பில்லை" என்றார். வாங்கிக் கொடுத்தோம். "சேறாக் கிடக்கு" என்றார். சேறு காய்ந்தது. "பிறகு பாப்பம்" என்றார். கோடை போய், பனி போய், மறுபடி பூக்கள் வந்தும் அப்பா முன்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சத்தத்தை நிறுத்திய டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டைக் கோழி போலக் கொத்துவார். சிரிப்பு என்ற ஒன்று அந்த முகத்தில் இருந்ததே எங்களுக்கு மறந்துபோகத் தொடங்கியது.

அம்மாவின் முதல் வருடத் திதி, எங்கள் பேச்சில் ஆட்டத்திவசம், நெருங்கியது. படையலைத் தோட்டத்தில் வைப்போம் என்று நான் முடிவெடுத்தேன். அம்மா பார்க்காத தோட்டத்துக்கு அம்மாவைக் கூப்பிட வேண்டும். அந்தச் சாட்டில் அப்பாவையும் வெளியே இறக்கிவிட வேண்டும்.

"ஏப்ரலப்பா இது. உள்ளயே செய்வம்" என்றார் சுதன்.

"மூண்டு ஆப்பிலயும் வெயில் எண்டு போட்டிருக்கு."

"மூண்டும் சேர்ந்து பொய் சொல்லக் கூடாதெண்டு சட்டமிருக்கோ?"

ஆனாலும் எனக்காக, நான்கு காலில் நிற்கும் துணிக்கூடாரம் ஒன்றை வாங்கி வந்தார். அதன் ஆணிகளை ஈரப்புல்லில் அடித்தால், உள்ளே போன சுலபத்திலேயே வெளியே வந்தன. கடைசியில் ஒவ்வொரு காலிலும் ஒரு அரிசிப் பையைக் கட்டினோம். (பொன்னி அரிசி. தமிழ் வீட்டில் பாரமான சாமான் வேறென்ன இருக்கும்?)

அன்று காலை கோயிலில் கிரியைகள் முடித்து வீட்டுக்கு வந்தபோது வெயில் கொட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மார்கரெட் கையில்லாத சட்டையோடு தோட்டத்தில் சாய்ந்திருந்தார். தனியே பூனையோடு வாழும் வயதான ஆங்கிலப் பெண்மணி. அருமையான நாள் என்று வேலிக்கு மேலால் சொன்னார். நானே சமைத்து இறக்கிய வெயில் போலப் பெருமையோடு நன்றி சொன்னேன்.

ஸ்ட்ரெதமிலிருந்து வந்த பெரியம்மா, அம்மாவின் அக்கா, கம்பளித் தொப்பியைக் கழற்ற மறுத்துவிட்டார். "இந்த நாட்டில வெயிலைப் பாத்துத் தொப்பியைக் கழட்டினவை எல்லாரும் காய்ச்சலில கிடந்திருக்கினம், பிள்ளை."

கூடாரத்துக்குள் அம்மாவின் படம். முன்னால் வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், உழுந்து வடை, பாயாசம். சமையலறை வாசலில் அப்பா வந்து நின்றார். வேட்டி, மேலே தடித்த ஜாக்கெட், நாங்கள் வாங்கிக் கொடுத்த செருப்பு, கக்கத்தில் குடை. கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தார். பிறகு ஒரு காலைப் புல்லில் வைத்தார். மற்றதையும் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாயாசத்தைக் கிண்டப் போவது போல உள்ளே ஓடிவிட்டேன். (பாயாசம் ஏற்கனவே வெளியேதான் இருந்தது.)

கற்பூரம் காட்டியாயிற்று. எங்கள் வழக்கப்படி முதலில் காகத்துக்கு வைக்க வேண்டும். அது தொட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அப்பா ஒரு துண்டு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, தோட்டத்தின் கடைசியில் இருந்த குட்டைச் சுவரில் வைத்து, "கா, கா" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

பதிலுக்கு ஆலங்கட்டி வந்தது.

எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் யாரோ வாளியால் கல்லைக் கொட்டுகிறார்கள். ஒரு காற்று கூடாரத்துக்குள் புகுந்து அதைக் கிளப்பியது. அரிசிப் பைகள் கொஞ்ச தூரம் கூடவே போய், பிறகு வெடித்தன. கூடாரம் வேலி தாண்டி மார்கரெட்டின் ரோசாச் செடிகளின் மேல் போய் உட்கார்ந்தது. சுதன் அம்மாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரியம்மா வடைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தியபின் பார்த்தால் அப்பாவைக் காணவில்லை.

அப்பா சுவரடியில் நின்றார். குடையை விரித்துப் பிடித்திருந்தார், தனக்கு அல்ல, இலைக்கு. அவருடைய மொட்டைத் தலையில் ஆலங்கட்டி துள்ளிக்கொண்டிருந்தது.

இன்னொரு குடையோடு ஓடினேன். புல்லில் எது அரிசி, எது ஐஸ் என்று தெரியாமல் காலுக்கடியில் நொறுநொறுத்தது.

"அப்பா, உள்ள வாங்கோ! சுகர் இறங்கப் போகுது, காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை நீங்கள்."

"காகம் தொடேல்லைப் பிள்ளை."

"நீங்கள் குடையோட பக்கத்தில நிண்டா எந்தக் காகம் வரும்?"

"குடையை எடுத்தாச் சோறு நனைஞ்சிடும். நனைஞ்ச சோறு அவ தின்னமாட்டா."

குடை இருந்தால் காகம் வராது, குடை இல்லாவிட்டால் சோறு இருக்காது. எல்லாம் என் யோசனையால் வந்தது. உள்ளே செய்திருந்தால் யன்னல் விளிம்பில் வைத்திருக்கலாம். அம்மா இருந்திருந்தால் காலை நீட்டிப் பார்த்து, "உள்ள வையடி" என்றிருப்பார்.

"கொஞ்சம் பொறு" என்றார் அப்பா, வானத்தைப் பார்த்து. "வெளிக்கிடக் கொம்மா எப்பவும் சுணங்குவாதானே."

நான் என் குடையை அப்பாவின் தலைக்கு மேலே பிடித்தேன். இருவரும் நின்றோம். ஆலங்கட்டி ஓய்ந்து வெயில் வந்தது. சிந்திய அரிசிக்குப் புறாக்கள் கூட்டமாக வந்தன. பின்னால் ஒரு மேக்பைப் பறவை வந்தது. சமையலறையிலிருந்து பெரியம்மா கத்தினார்: "அது தொட்டாலும் காணும்! கறுப்பு வெள்ளையெண்டாலும் காகத்தின்ர சாதிதான்!" மேக்பை இலையைப் பார்த்துவிட்டு அரிசிக்கே போனது. மகள் வாசலில் நின்று, "தாத்தா, ஐ ஆம் ஹங்ரி. அம்மம்மா எப்ப வருவா?" என்றாள். அப்பா குடையை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார்.

அப்போது பக்கவாட்டுக் கதவால் மார்கரெட் வந்தார், கையில் எங்கள் கூடாரத்தின் ஒரு கால். ரோசாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. உன் அப்பா எதற்கு அந்தச் சோற்றைக் காவல் காக்கிறார் என்று கேட்டார்.

விளக்கினேன். என் அம்மா போய் ஒரு வருடம், அவர் காகமாக வந்து சாப்பிடுவார் என்று நம்பிக்கை, அதுவரை நாங்கள் பட்டினி. ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, என் வாயிலிருந்து வருவது எனக்கே கேட்டது. காது சூடாகிவிட்டது.

மார்கரெட் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, காகங்களா, அவை தினமும் என் வீட்டு முன்பக்கம் வருமே என்று சொல்லிப் போனார். ஒரு பையோடு திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி இலையில் போட்டார்.

பூனைச் சாப்பாடு. மீன் வாசம் மூக்கைத் துளைத்தது.

பெரியம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஐயோ! ஆட்டத்திவசப் படையலில மச்சம்! மீன்!"

ஒரு வருடமாகக் காத்திருந்த நாள். வெங்காயம்கூடச் சேர்க்காமல் சமைத்த படையல். அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து இலையையே பார்த்தேன். பருப்புக்கு நடுவே, மீன் உருவத்திலேயே செய்த சின்னச் சின்ன பிஸ்கட்டுகள்.

ஒரு சத்தம் கேட்டது. அப்பா இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். குடை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"விடுங்கோ மச்சாள்" என்றார் பெரியம்மாவைப் பார்த்து. "உங்கட தங்கச்சி வெள்ளிக்கிழமை மரக்கறிக்கே முகத்தைச் சுழிக்கிறவ. பூசணிக்காயை வைச்சுக் கூப்பிட்டா வருவாவே? மீனெண்டா வருவா."

குடையை மடக்கினார். எல்லோரும் பின்வாங்கி வாசலில் நின்றோம். கூரையிலிருந்து ஒரு காகம் இறங்கியது. கொழுத்தது, அவசரமில்லாதது. மீன் பிஸ்கட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. பூசணிக்காயைத் தள்ளிவிட்டது. கடைசியில் வடையைக் கவ்விக்கொண்டு பறந்து போய் எங்கள் கொடியில் உட்கார்ந்தது.

கொடி கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றது.

"இறுக்கிக் கட்டியிருக்கோ எண்டு பாக்கிறா" என்றார் அப்பா. பிறகு ஜாக்கெட் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செத்தவீட்டில்கூட அழாத அழுகை. சுதன் அவரைப் பிடித்துக்கொண்டார். மார்கரெட் பூனைச் சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

ஆறிப்போன சோற்றை அன்று அப்பா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். மார்கரெட்டும் எங்களோடு இருந்து சாப்பிட்டார். வடை எப்படிச் செய்வது என்று கேட்டார்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது சொன்ன நேரத்துக்கு வராவிட்டால், "மீனெண்டா வருவினம்" என்பதுதான் பேச்சு. கலியாண வீட்டில் மாப்பிள்ளை சுணங்கினாலும் பெரியம்மாவே அதைச் சொல்லிவிட்டுத் தலையில் குட்டிக்கொள்வார். அப்பா ஒவ்வொரு நாள் காலையிலும் சோற்றோடு சுவரடிக்குப் போகிறார். திதி நாட்களில் படையல் சுத்த மரக்கறிதான். அன்றைக்கு மட்டும் மார்கரெட் தன் பக்கத்து வேலியில் ஏதோ வைப்பார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஆப்பை நம்பி நான் இன்னும் உடுப்பைக் காயப்போடுகிறேன். இன்னும் நனைகிறது. முழங்கால் இருந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. ஆனால் பின்கதவருகே எப்போதும் இரண்டு குடைகள் தொங்கும். ஒன்று எங்களுக்கு. மற்றது இலைக்கு; அதை எடுத்தால் அப்பாவுக்குக் கோபம் வரும்.