பன்னிரண்டாவது பேர்

இந்த ஒரு தடவையாவது வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்து முடித்துவிடுவது என்று மதிப்பீட்டாளர் முடிவு கட்டினார். வீட்டில் யாருக்கும் என்றால் மனைவிக்கு. வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை.

கல்வி அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'அரை மார்க்கு'. பள்ளிக்கூடங்களைப் பார்த்து மார்க் போடுவது அவர் உத்தியோகம். முப்பது வருஷத்தில் ஒரு பள்ளிக்கும் நூறு போட்டதில்லை. தொண்ணூற்று ஒன்பதரை வரைக்கும் போவார், அங்கேயே நின்றுவிடுவார். மிச்சப்படுத்திய அரை மார்க்குகளை எல்லாம் வீட்டில் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார் என்று பேச்சு.

இப்போது அவர் கையில் வந்து சிக்கியது ஓர் ஆன்லைன் பள்ளிக்கூடம். அரசாங்கத்துடையது. கட்டணம் கிடையாது, கட்டடமும் கிடையாது. ஒரே டீச்சர், ஒரே வகுப்பு, ஆறு ஏழு வயசுப் பிள்ளைகள். நோயில் படுத்துவிட்டவர்கள், பக்கத்தில் பள்ளியே இல்லாதவர்கள், இருந்த இடத்திலிருந்தே படிக்கிறார்கள். 'வகுப்பில் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும்' என்பது விதி. ஒரு பேர் குறைந்தாலும் மூடிவிடுவார்கள். மூடலாமா வேண்டாமா என்று அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஏங்க, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்றீங்க?"

"ஆபீஸ் ரகசியம்."

"உங்களை நம்பிக்கூட ரகசியம் சொல்றாங்களா?"

"நீ உன் வேலையைப் பாரு."

"அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அந்தப் பதிலில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாரபட்சம் வந்துவிடக் கூடாதென்று அவர் பிள்ளைகளின் பேரைப் படிக்க மாட்டார். அவருக்கு எண் போதும். தாம் பார்த்து முடிக்கும் வரைக்கும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று டீச்சருக்கே உத்தரவு போட்டுவிட்டார். தம் மைக்கை அணைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று நாள் வகுப்பைக் கவனித்தார். நாலாம் எண் பையன் கட்டிலில் படுத்தபடியே எழுதினான். ஏழாம் எண்ணுக்கு முன்பல் இல்லை, ஆனால் வாய் மட்டும் ஊருக்குப் பெரிசு. பன்னிரண்டாம் எண் முகமே காட்டவில்லை. வெறும் கறுப்புக் கட்டம். கேட்டால் கேமரா ரிப்பேராம். கூப்பிட்டால் கீச்சுக் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்று வரும்.

நாலாம் நாள் அவருக்குத் தும்மல் வந்தது. அது லேசுப்பட்ட தும்மல் இல்லை. தெருவில் போகிற சைக்கிள்காரர் இறங்கி டயரைத் தொட்டுப் பார்ப்பார். தும்மி முடித்து மூக்கைத் துடைப்பதற்குள், அதே தும்மல் ஹெட்போனுக்குள் கேட்டது.

"நூறு!" என்று பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஆயுசு வாழ்த்திக் கத்தினார்கள்.

"டீச்சர், பெரிய பாப்பா வீட்டு யானை மறுபடியும் தும்முது!" என்றது ஏழாம் எண்.

மைக் அணைந்திருந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டார். அப்படியானால் இந்த யானை எந்த வழியாகப் போய்த் தும்மியது? ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பூனை மாதிரி நடந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். மனைவி செல்போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, "ஆறும் மூணும் ஒன்பது டீச்சர்" என்று கீச்சுக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீயா!"

"ஷ்ஷ். வகுப்பு நடக்குது."

"இது மோசடி!"

அவள் செல்போனை அணைத்தாள். "பன்னிரண்டு பேர் இருக்கணும்னுதானே உங்க விதி? பேர் இருக்கு. ஆள் இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

"பேர்னா ஆள்தான்!"

"ஆள் போய், பேர் மட்டும் மிஞ்சிக் கிடக்கே. அதை என்னன்னு சொல்வீங்க?"

"யார் பேரைக் கொடுத்தே?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள். ஏழு வயசு. நாலு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் காலையில் மணியைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். "இப்ப டீச்சர் என் பேரைக் கூப்பிடுவாங்கல்ல? யாரும்மா உள்ளேன் சொல்லுவா?" என்பாள். "நான் சொல்றேன்டி கண்ணு" என்று அம்மா சொன்னால்தான் மருந்துக்கு வாயைத் திறப்பாள். அவள் போய்ப் பதினாலு வருஷம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேரை வாயால் சொன்னதே இல்லை. மனைவி பேச்செடுத்தாலும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் மனைவி அந்தப் பேரை யாரிடம் போய்ச் சொல்வாள்? பதினாலு வருஷமும் தனியாகவே அழுதாள்.

"நீங்க ஆபீஸ் போன பிறகு, ஒரு வருஷமா மத்தியானத்துல போன்ல இந்தப் பிள்ளைங்க வாசிக்கிறதைக் கேட்டுத் திருத்திக்கிட்டிருக்கேன்" என்றாள். "போன மாசம் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போயிடுச்சு. பதினொண்ணாப் போச்சுன்னு டீச்சர் அழுதா. என் பொண்ணு பேரை எழுதிக்கோன்னு நான்தான் சொன்னேன். நான் கிழவின்னு பிள்ளைங்களுக்கெல்லாம் தெரியும். உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது."

"அது பொய்தானே?"

"பொய்தான். அந்த நாலாம் நம்பர் பையனால எழுந்து உட்காரக்கூட முடியாது. நீங்க மூடிட்டா, நாளைக்கு அவன் பேரை யாரு கூப்பிடுவா?"

இருந்தாலும் முப்பது வருஷப் பழக்கம் விடுமா? "என்னால பொய் எழுத முடியாது."

"எழுத வேண்டாம். நாளைக்கு நீங்களே வருகை எடுங்க. எண் வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுங்க. பதில் வராத பேரை அடிச்சுடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்திருக்கிறார். சந்தோஷமாக இருக்க வேண்டும். சாப்பாடே இறங்கவில்லை.

மறுநாள் வருகைப் பதிவேட்டை மனைவிதான் அச்செடுத்துக் கொடுத்தாள். அந்த வீட்டில் பிரின்டர்கூட அவள் சொன்னால்தான் கேட்கும். ஒரே தாள், பன்னிரண்டு பேர். தம் மைக்கைப் போட்டார். திரையை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. தலையைத் தாளில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா", "உள்ளேன் ஐயா" என்று வந்தது. கட்டில் பையன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். முன்பல் இல்லாதது "உழ்ழேன் ஐயா" என்றது. பதினொன்று முடிந்தது.

பன்னிரண்டாவது பேரில் விரலை வைத்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மனைவி வாசற்படியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி நின்றாள்.

கூப்பிட்டார். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் இரண்டாக உடைந்துவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டார். பள்ளிக்கு நேரமாச்சு எழுந்திரு என்று அப்போது கூப்பிடுவாரே, அதே மாதிரி.

ஒரு சத்தமும் இல்லை.

"பெரிய பாப்பா இன்னிக்கி வரலையா?" என்றது முன்பல் இல்லாதது.

"இருக்கா" என்றார் மதிப்பீட்டாளர். "இங்கதான் இருக்கா."

எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கண்ணீர் தாளில் விழுந்தது. பிள்ளைகள் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று அவசரமாக ஒரு பொய்த் தும்மல் தும்மினார்.

"நூறு!" என்று கத்தியது வகுப்பு. வாழ்நாளில் யாருக்குமே நூறு போடாத மனுஷன் மேசையில் தலையைக் கவிழ்த்து, பதினாலு வருஷத்து அழுகையை அழுதார்.

அப்போதுதான் திரையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "ஐயா, என் பேரை இன்னும் கூப்பிடலையே?"

நிமிர்ந்தார். இதுவரை பார்க்காத ஒரு முகம், புது ரிப்பனோடு.

மனைவி பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டாவது தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதில் ஒரே ஒரு பேர், பதிமூன்றாவது. "நேத்து சாயங்காலம் புதுசாச் சேர்ந்த பிள்ளை. டீச்சர் அப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டா." பிறகு அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, பன்னிரண்டாவது பேரை மெதுவாகத் தானே அடித்தாள். கோடு கோணிப்போயிற்று. "இப்ப சரியாப் பன்னிரண்டு பேர். பேருக்குப் பேர், ஆளுக்கு ஆள். பொய் எழுத வேண்டாம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா அவளைக் கூப்பிட்டிருப்பீங்களா?"