அரை வார்த்தையில் போன உயிர்

சும்மா படுத்திருப்பதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவன் நான். மற்றவர்களுக்கெல்லாம் கைவந்த கலை அது.

மஞ்சள்காமாலை வந்து தேறிக்கொண்டிருந்த நேரம். "உடம்பை அலட்டிக்காம ஏதாவது செய்யுங்க" என்று டாக்டர் சொல்லிவிட, அந்த 'ஏதாவது' என்ன என்று என் மனைவி செல்வி தேட ஆரம்பித்தாள். பட்டாணி உரித்தேன், தட்டின்மேலேயே தூங்கிப்போனேன். குறுக்கெழுத்துப் போட்டேன், மூச்சு வாங்கியது. (பென்சில் கனமாக இருந்தது, சத்தியமாக.) கடைசியில் ஃபோனில் ஒரு சவாசனப் பாடத்தைப் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கை காலை நீட்டிப் பிணம் மாதிரிக் கிடந்தால் போதும்.

"இதுலயாவது களைச்சுப் போகாம இருங்க" என்றாள்.

தீவில் நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அன்று மதியம் மழை இருட்டு, கரண்டும் இல்லை. செல்வி ரொட்டி வாங்கக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு வங்காளி தீதி என்னைப் பற்றி இந்தியில் விசாரிப்பதும், இவள் "அந்தர் ஷவாசன் மே ஹை", உள்ளே சவாசனத்தில் இருக்கிறார், என்று கத்திவிட்டு ஓடுவதும் கேட்டது.

"உங்கள் பாதங்களை மறந்துவிடுங்கள்" என்றது தலையணைக் குரல். "அவை இனி உங்களுடையவை அல்ல."

மறந்தேன். முழங்காலையும் மறந்தேன். வயிற்றைத் தாண்டியதும் குரல் நின்றுவிட்டது. மழை மட்டும், அதுவும் எங்கோ தூரத்தில்.

பிறகு ஊதுபத்தி வாசனை வந்தது. எங்கள் வீட்டில் மதியம் யாரும் ஊதுபத்தி கொளுத்துவதில்லை. ஒரு பெண் விசும்பினாள். கண்ணைத் திறக்கப் பார்த்தேன், இமை அசையவில்லை. சில்லென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது, விட்டது. அப்புறம் என் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து யாரோ சணலால் கட்டினார்கள்.

அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நானே கட்டியிருக்கிறேன். நிஜமாகவே பயந்துபோனேன். ரொட்டி வாங்கப் போனவள் திரும்பி வந்து என்னை இப்படியா பார்க்க வேண்டும்?

"மெயின்லேண்டுக்குக் கொண்டு போணும்னா பிளேன்தான். கப்பல்ல டிக்கெட் கெடைக்காதுல்லா" என்றது இரும்புக்கடை அண்ணாச்சியின் குரல். (உயிரோடு இருந்தபோதும் கிடைத்ததில்லை.)

வாசலில் குடை விழுந்தது. "என்னங்க!" என்று செல்வி அலறினாள். அந்த அலறலை மட்டும் இன்றும் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

அதே நொடியில் தலையணைக்கு அடியிலிருந்து கனத்த ஆண்குரல் சொன்னது: "இப்போது... மெதுவாக... எழுந்திருங்கள்."

எழுந்தேன்.

அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தார். அவர் கடைக் கம்பியே தடுத்துவிட்டது. தீதி ஊதுபத்தியோடு மழையில் பறந்தாள். கால்கட்டை மறந்து நானும் ஓடப்போய், செல்வியின் காலடியில், ரொட்டியின்மேல் குப்புற விழுந்தேன். அவள் என்னை அடித்தாள், அழுதாள், மறுபடியும் அடித்தாள்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தகரத்தில் கொட்டிய மழை நடுவிலிருந்த 'ஆசன் மே'யை விழுங்கிவிட்டது. தீதிக்கு எட்டியது 'அந்தர் ஷவ் ஹை', அதாவது உள்ளே பிணம் இருக்கிறது. வந்து பார்த்தால் மஞ்சள் முகம், நீட்டிய கை கால். நாடி பார்த்து உறுதி செய்தவர், அவள் கூட்டி வந்த அண்ணாச்சி. (ஆணியும் கொண்டியும் எடுத்துக் கொடுக்கிற கை.)

இப்போது நான் திடமாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், செல்வி வாசலில் நின்று தெருவுக்கே அறிவிக்கிறாள்: "தீதி, ஸோ ரஹே ஹை! ஜிந்தா ஹை!" தூங்குகிறார், உயிரோடுதான்.

"பக்கா?" என்று தீதி கேட்பாள்.

செல்வி உள்ளே வந்து, என் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லப் போவாள்.